நாரதர் கொண்டுவந்த நோட்டீஸ்

"நாடக மேடையிலிருந்து சின்னத்திரைக்குப் போன நம் தோழியைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும், ஒரே வகுப்பில் படித்தவர் அல்லவா" என்று மலர்க் குழுவினர் கேட்டு மூன்று வாரமாகியும் நான் பதில் எழுதவில்லை. அவர் மறைந்த செய்தி பங்குனியில் லண்டனுக்கு எட்டியது. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. 1983ஆம் ஆண்டு நம்மோடு பத்தாம் வகுப்பில் இருந்த எவருக்கும் அவர் வள்ளிதான்.

1982இல் பழனி மலையெங்கும் குறிஞ்சி பூத்தது. அந்த நீலத்தைப் பார்த்த மயக்கத்தில்தான் தமிழ் ஐயா, ஆண்டு விழாவுக்கு வள்ளி திருமணம் போடுவதென்று முடிவு செய்தார் என நினைக்கிறேன். காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கி, 1922இல் புதுச்சேரியில் மறைந்த நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஐயாவின் குரல் தழுதழுக்கும். கணவர் கிட்டப்பா 1933இல் மறைந்த பிறகு நாடக நடிகை கே.பி. சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறியதைச் சொல்லும்போது, புதன்கிழமை உப்புமாவின் மயக்கத்தில் கிடந்த கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். இன்று நான் எழுதும் தமிழில் பிழையற்ற வரிகள் இருக்குமானால் அவை அவர் இட்டவை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

எனக்கு நாரதர் வேடம். வள்ளியோடு தர்க்கம் செய்து பாட வேண்டிய அந்தப் பாத்திரம், என் தொண்டை உடையும் வயதாக இருந்ததால், ஒத்திகைக்கு ஒத்திகை பாட்டுகளை இழந்து கடைசியில் தம்புராவைச் சுமந்துவரும் தபால்காரராகச் சுருங்கியது. அவருக்கோ பரண்மேல் நின்று ஆலோலம் பாடுவதற்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. பூம்பாறைப் பக்கத்துப் பிளம்ஸ் தோட்டத்தில் குரங்கு விரட்டிய குரல் அது. விழா அன்று மூடுபனியோடு மின்சாரமும் போய் ஒலிபெருக்கி அடங்கிவிட, இரண்டு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவர் பாடியது விடுதிச் சமையற்கட்டு வரை கேட்டு, மாஸ்டர் கையில் கரண்டியோடு வந்து யூகலிப்டஸ் வேலியருகே நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை, பேருந்து நிலையச் சுவரில் பசை காயாத ஒரு நோட்டீஸ். பெருமாள்மலைக்குக் கீழே ஏதோ ஊர்த் திருவிழாவில் ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட், பபூன், ஆர்மோனியம் என்று முகங்கள் வட்டவட்டமாக அச்சாகியிருந்தன; ஸ்திரீபார்ட் வட்டத்துக்குள், ரெட்டைச் சடையை அவிழ்த்துப் பூ வைத்துக்கொண்டு, நம் வள்ளி. ஆர்மோனியம் வாசித்த தாய்மாமன்தான் அழைத்துப் போயிருந்தார். கிழியாமல் உரித்தெடுத்து ஐயாவிடம் ஓடினேன். அவர் பெருமைப்படுவார் என்றுதான், சத்தியமாக, நினைத்தேன்.

திங்கட்கிழமை பிரேயரில் ஐயா அதை வரிவரியாக வாசித்தார். ஊர், நேரம், 'குமாரி' என்ற அடைமொழி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இடைவெளி விட்டார், சிரிப்பதற்கான இடைவெளி. "கூத்தாடப் போறவளுக்கு அல்ஜீப்ரா எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத் தாளை நான்காகக் கிழித்துப் போட்டார். சுவாமிகளுக்காகக் கண்கலங்கியவரும் அவர்தான். புத்தகத்தில் இருக்கும் நாடகம் வேறு, சுவரில் ஒட்டியிருக்கும் நாடகம் வேறு என்று அவருக்குள் ஒரு கோடு இருந்திருக்க வேண்டும். வரிசையில் நின்றிருந்த வள்ளி அழவில்லை. அவிழாத ரிப்பனை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். மறுநாள் வரவில்லை. பொதுத் தேர்வும் எழுதவில்லை.

அதன்பின் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெஷல் நாடகம். ஒத்திகை கிடையாது, ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து அன்று இரவுதான் மேடையில் சந்திப்பார்கள், சுருதி எத்தனை கட்டை என்று கேட்டுக்கொண்டால் விடியும்வரை நாடகம் ஓடும். திருவிழாக் காலம் முடிந்தால் கையில் காசு இராது. இரவுகளை ஆடல் பாடலும் மெல்லிசைக் கச்சேரியும் பங்குபோட்டுக்கொண்டபோது, 1993இல் சன் தொலைக்காட்சி வந்த பிறகு பெருகிய நெடுந்தொடர்கள் அவருக்கு மாதம் தவறாத கால்ஷீட்டைக் கொடுத்தன. பெரும்பாலும் கொடுமைக்கார மாமியார். நண்பர் வீட்டு டிஷ்ஷில் முதன்முதலாகப் பார்த்தபோது, எதிரில் நிற்கும் மருமகளைத் திட்டும் வேளையிலும் அவர் முகவாய் சற்றே உயர்ந்து, கண்கள், அங்கே இல்லாத கடைசி வரிசையைத் தேடுவதைக் கவனித்தேன். இங்கே என் பிள்ளைகளிடம் "இவர் என் வகுப்பு" என்றேன். "இந்த வில்லியா?" என்றார்கள்.

அடுத்த முறை மலைக்கு வந்தது 2018இல். குறிஞ்சிக்காக வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். குறிஞ்சி ஆண்டவர் கோயில் வாசலில், செல்ஃபி கேட்டவர்கள் ஒருவழியாக விலகிய பிறகு, "என்ன நாரதரே, தொண்டை சரியாயிருச்சா?" என்றார். தொடரில் ஏன் பாடுவதில்லை என்று கேட்டேன். "மைக்கு மாராப்புக்குள்ளயே இருக்கு, எதுக்கும்மா கத்துறீங்கன்னு மொத நாளே டைரக்டர் கேட்டுட்டாரு. ஒரே ஒரு தாலாட்டு, அதுவும் பாதியில விளம்பரம்" என்று சிரித்தார்.

நோட்டீஸைக் கொடுத்தது நான்தான் என்று அப்போது சொன்னேன். சொல்வதற்கு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இதே ஊரில் இருந்திருந்தால் ஒரு வாரத்தில் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"தெரியும். வேற யாரு கொடுப்பா? நாரதர் கலகம் நன்மையில முடியும்னு சொல்லுவாங்கல்ல, விடுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நோட்டீசு ஒண்ணு கெடைக்குமா? எம் போட்டோ போட்ட மொத நோட்டீசு அது. எங்க வீட்ல ஒண்ணுகூடத் தங்கல" என்றார்.

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேடத் தேவையே இல்லை. அந்தத் திங்கட்கிழமை முற்றம் பெருக்கும் முறை எங்கள் வகுப்புக்கு. மூன்று துண்டுகள் காற்றில் போய்விட, ஒன்றை மட்டும் எடுத்து அகராதிக்குள் வைத்தேன். அந்த அகராதி என்னோடு லண்டனுக்கு வந்தது. அந்தத் துண்டில் அவர் முகம் இல்லை என்பதால்தான் கொடுக்கக் கூச்சப்பட்டேன். தாய்மாமனின் முகமும், 'இரவு சரியாக 10 மணிக்கு' என்ற வரியும், அவர் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளும் அதில் இருக்கின்றன. கட்டுரையோடு அவர் படம் ஒன்று வேண்டும் என்று கேட்ட மலர்க் குழுவினருக்கு அதைத்தான் அனுப்பியிருக்கிறேன்.