கால்வாயில் கெண்டை, கரையில் நீர்நாய்

உயிரினங்கள் தண்ணீரில் உதிர்க்கும் டிஎன்ஏவை வைத்து அங்கே என்னென்ன வாழ்கின்றன என்று கண்டறிவது சூழல் டிஎன்ஏ ஆய்வு. ஆனால் சிங்கப்பூரில் ஒரு கால்வாய்த் தண்ணீரில் கெண்டையின் டிஎன்ஏ வந்துவிட்டது என்பதற்காக, அங்கே கெண்டை நீந்துகிறது என்று எழுதிவிடக் கூடாது. ஏதோ ஒரு குளத்தில் கோய் என்ற அலங்காரக் கெண்டையைத் தின்ற நீர்நாய் கால்வாய்க் கரையில் கழித்துவிட்டுப் போயிருக்கலாம். தூண்டிலில் மாட்டிய இரையாக இருக்கலாம். மாதிரி எடுத்தவரின் மதியச் சாப்பாடாகவும் இருக்கலாம்!

இதில் கடைசிச் சந்தேகத்தையாவது தீர்ப்பது வெற்று மாதிரிதான். காய்ச்சி வடித்த நீரை அதே இடத்தில் திறந்து, அதே கருவியில் வடிகட்டி, கடைசிவரை மற்ற மாதிரிகளோடு கொண்டுபோக வேண்டும். செலவை மிச்சப்படுத்த முதலில் வெட்டப்படுவது இதுதான்; வெட்டினால் ஆய்வு தரும் உயிரினப் பட்டியலில் எந்தப் பெயரையும் நம்ப முடியாது.

இயற்கை வனப்பகுதி என்றால் முதலில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி. பாத்திரங்களை ஒரு பங்கு வீட்டு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர் கலவையில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு நன்றாக அலச வேண்டும். பிளீச் மிஞ்சினால் மாதிரியின் டிஎன்ஏவையும் அழித்துவிடும். கலவையை அன்றன்றைக்குப் புதிதாகத்தான் கலக்க வேண்டும். ஓடையில் கீழிருந்து மேலே போங்கள்; ஓட்டத்தை எதிர்த்து நின்று, கலங்காத தண்ணீரை அள்ளுங்கள். இடத்துக்கு மூன்று மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு லிட்டர், இடத்துக்கு இடம் புதுக் கையுறை.

மழை விட்ட கையோடு போனால் தண்ணீர் தே தாரே (பால் தேநீர்) நிறத்தில் இருக்கும், 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டி கால் லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். அழுத்தித் தள்ளினால் சவ்வு கிழியும். இரண்டு மூன்று வடிகட்டிகளில் பிரித்து வடிக்கலாம், அல்லது 1.5 மைக்ரோமீட்டருக்கு மாறலாம். மீன் டிஎன்ஏ பெரும்பாலும் செல் துணுக்குகளோடு வருவதால் இழப்பு பெரிதல்ல. எத்தனை மில்லிலிட்டர் இறங்கியது என்பதைக் குறித்தே ஆக வேண்டும். நம் வெப்பத்தில் டிஎன்ஏ சீக்கிரம் சிதையும்: உடனே ஐஸ் பெட்டி, சில மணி நேரத்துக்குள் வடிப்பு, பிறகு வடிகட்டியை எத்தனாலில் போட்டு வைக்க வேண்டும்.

நீ சூன் சதுப்புநிலக் காட்டில் சிக்கல் வேறு. அமிலம் கலந்த பழுப்புத் தண்ணீரில் உள்ள ஹியூமிக் பொருள்கள் (மக்கிய இலைதழைகளிலிருந்து வருபவை), டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும் பிசிஆர் வினையையே முடக்கும். முடிவு வெறுமையாக வரும். பார்ப்பவர் மீனே இல்லை என்று நினைத்துக்கொள்வார். அதனால் தெரிந்த அளவு செயற்கை டிஎன்ஏவைச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அதன் அடையாளமும் தாமதமாகத் தெரிந்தால் பிசிஆருக்குத் தடை இருக்கிறது என்று பொருள். பத்து மடங்கு நீர்த்துப்போகச் செய்தால் தடை பெரும்பாலும் விலகும்; ஆனால் தேடும் அரிய உயிரின் தடயமும் அதே அளவு மங்கும். அதைவிடத் தடைநீக்கும் கிட் மேல்.

பிசிஆரில் எந்த டிஎன்ஏ துண்டைப் பெருக்குவது என்று தீர்மானிப்பது பிரைமர் என்ற சிறு டிஎன்ஏ இழை. மீன்களுக்கான மைஃபிஷ் பிரைமர் 12எஸ் என்ற மரபணுவில் சுமார் 170 எழுத்துகளைத்தான் படிக்கிறது. நெருங்கிய இனங்கள் அதில் ஒன்றாகவே தெரியலாம். உலகில் சிங்கப்பூரில் மட்டுமே வாழும் நன்னீர் நண்டான ஜோஹோரா சிங்கப்பூரென்சிஸ் அதில் சிக்கவே சிக்காது. அதற்குத் தனிப் பிரைமர் வேண்டும். ஓடு போர்த்திய உயிர்கள் மீன்போல டிஎன்ஏவை உதிர்ப்பதுமில்லை. ஓர் ஓடையில் அந்த நண்டு ‘இல்லை’ என்று முடிவு வந்தால், ராத்திரி டார்ச்சோடு போய்க் கல்லைப் புரட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.