வேர் நுனியில் பதினாறு

வெங்காய வேர் நுனியை அசிட்டோகார்மைன் சாயத்தில் வைத்து எடுத்து, ஸ்லைடில் கட்டைவிரலால் அழுத்தி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், நாலைந்து ஸ்லைடு வீணான பிறகு ஒரே ஒரு செல்லில் குரோமோசோம்கள் (மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழைகள்) ஒன்றன்மேல் ஒன்று விழாமல் அழகாக விரிந்து கிடந்தன. எண்ணினேன். 16. அப்படி ஒரு சந்தோஷம்!

பூண்டுக்கும் இதே 16தான். அதனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து இனம் பிரிக்க முடியாது. நீளம், சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இரு கைகளும் சேரும் இடுக்கு) இருக்கும் இடம் எல்லாம் பார்க்க வேண்டும். ஆனால் கோதுமையில் எண்ணிக்கையே கதை சொல்லிவிடுகிறது. ஐன்கார்ன் என்ற பழங்காலக் கோதுமைக்கு 14, டியூரம் என்ற கோதுமைக்கு 28, ரொட்டிக் கோதுமைக்கு 42. காட்டுப் புற்களோடு கலந்து, குரோமோசோம் தொகுதி இரட்டித்து, புது இனமே பிறந்திருக்கிறது. வெறும் கதிரைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியுமா?

சரி, அடுத்து பூண்டு வேர்.