மழை வராத கோடை: லிமெரிக் ஹர்லிங் நாட்குறிப்பு, 2018

மே 20, ஞாயிறு

இன்றைக்குத்தான் முதல் தடவையாக மைதானத்துக்குப் போய் ஹர்லிங் பார்த்தேன். அயர்லாந்தின் லிமெரிக்குக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது, பையன் ஹர்லி மட்டையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறான், ஆனாலும் எனக்கு அது ஹாக்கி மாதிரி ஏதோ ஒன்று என்பதற்கு மேல் தெரியாது. ஹாக்கி மாதிரி இல்லவே இல்லை. பந்து பாதி நேரம் தலைக்கு மேலேதான் பறக்கிறது, அதை வெறுங்கையால் பிடிக்கிறார்கள், அதுவும் எதிராளியின் மட்டை அந்தக் கையைக் குறிவைத்து வந்துகொண்டிருக்கும்போதே. முதல் பத்து நிமிஷம் நான் கண்ணை மூடி மூடித்தான் பார்த்தேன். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி வார்டில் விரல் எலும்பு முறிந்து வரும் பையன்கள் ஏன் அவ்வளவு சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது.

கூட்டிப்போனது பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர், தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்கோர் கணக்கைப் பையன்தான் சொல்லிக்கொடுத்தான்: குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒன்று, கீழே வலைக்குள் போனால் மூன்று. வெள்ளைக் கோட்டு போட்ட அம்பயர் வெள்ளைக் கொடி காட்டினால் பாயிண்ட், பச்சைக் கொடி என்றால் கோல். லிமெரிக் 1-23, டிப்பரேரி 2-14. முதல் எண் கோல், அடுத்தது பாயிண்ட், அதாவது 26-க்கு 20. இவர்கள் கூட்டிப்போட்டு ஒரே எண்ணாகச் சொல்லவே மாட்டார்களாம், கேட்கிறவன்தான் மனக்கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த வருஷம் புது முறை. மன்ஸ்டர் மாகாணப் போட்டியில் ஆடும் ஐந்து கவுண்டிகளும் ஒன்றோடொன்று மோத வேண்டும், ஆளுக்கு நான்கு ஆட்டம், இரண்டு சொந்த ஊரில். முதல் மூன்று இடம் பிடித்தால்தான் மேலே போகலாம். டிப்பரேரி 2016 சாம்பியன், அதை முதல் ஆட்டத்திலேயே அடித்திருக்கிறோம், பெரியவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. “மே மாசத்தில் நாங்கள் எப்போதும் நன்றாகத்தான் ஆடுவோம்” என்றார்.

ஜூன் 2, சனி

கார்க்கில் சமன். ஆளுக்கு 28. எங்கள் ஏரன் கில்லேன் இடைவேளைக்கு முன்னாலேயே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிவிட்டார். பதினைந்து பேர் ஆட வேண்டிய ஆட்டத்தைப் பதினாலு பேரை வைத்துச் சமாளித்தது பெரிய விஷயம் என்று நான் சொன்னேன். பெரியவர் கில்லேனைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசினார்.

ஜூன் 10, ஞாயிறு

வாட்டர்ஃபோர்டை 2-26, 1-16 என்று துவைத்துவிட்டார்கள். ஆனால் இன்றைய பேச்சு நம்முடையது இல்லை. தர்லெஸில் டிப்பரேரி பையன் ஜேக் மோரிஸ் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது, வலைக்குள் போயிருந்தால் ஆட்டமே முடிந்திருக்கும். அதே பந்தைக் கிளேர்க்காரர்கள் அந்த முனையிலிருந்து இந்த முனைக்குக் கொண்டுவந்து, இயன் கால்வின் கோல் போட்டார். சில நொடிகளுக்குள் ஆறு பாயிண்ட் இடம் மாறிவிட்டது. கிளேர் ஜெயித்தது, டிப்பரேரி வீட்டுக்கு. நான் ஐந்தாறு தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

ஜூன் 17, ஞாயிறு

என்னிஸில் கிளேர் 0-26, லிமெரிக் 0-15. பதினொரு பாயிண்ட். மன்ஸ்டர் இறுதி கிடையாது, மூன்றாவது இடம், அகில அயர்லாந்துக் கட்டத்துக்குச் சுற்றுவழி.

வேடிக்கை என்னவென்றால் தோற்றதும் பெரியவர் தெளிந்துவிட்டார். மூன்று வாரமாக உம்மென்று இருந்த மனுஷன் இன்றைக்குச் சாயங்காலம் விசிலடித்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். தெரிந்த நிலத்துக்குத் திரும்பி வந்த ஆசுவாசம் போல. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

ஜூன் 28, வியாழன்

ஷானன் விமான நிலையத்தில் 32 டிகிரி. மதுரைக்காரிக்கு இதெல்லாம் மார்கழி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, மின்விசிறி தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். எங்கும் தீர்ந்துவிட்டது.

பையனின் மட்டை நுனியில் கட்டியிருந்த தகரப் பட்டை கழன்றுவிட்டது, பெரியவரின் ஷெட்டுக்குப் போனோம். உள்ளே நல்ல குளிர்ச்சி, மரத்தூள் வாசம். மட்டையைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் சாய்த்து ரேகையைக் காட்டினார். ஆஷ் மரம். அதிலும் மேல் மரம் ஆகாது, தரையோடு ஒட்டிய அடிமரம்தான் வேண்டும், வேர் விரிந்து திரும்புகிற இடம். அங்கேதான் ரேகை தானாகவே வளைந்து போகிறது, மட்டையின் அகலமான முனையும் அதே வளைவில் வருவதால் ஓங்கி அடித்தாலும் பிளக்காது. நேர் ரேகை மரத்தில் அறுத்துச் செய்தால் முதல் மோதலிலேயே இரண்டாகப் போகும். சொல்லிக்கொண்டே பட்டையைச் சுற்றி, சின்ன ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடித்தார். இப்போது ஆஷ் மரங்களை ஒரு பூஞ்சை நோய் தின்றுகொண்டிருக்கிறது, 2012-இல் இந்த நாட்டில் தென்பட்டதாம், நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும் என்றார்.

அப்போதுதான் அந்தச் சுவர்ப் பலகையைப் பார்த்தேன். தச்சர்கள் அளவு குறித்துவைக்கிற மாதிரி பென்சிலில், ஒன்றன் கீழ் ஒன்றாக:

73, லிமெரிக் 1-21, கில்கென்னி 1-14
74, கில்கென்னி 3-19, லிமெரிக் 1-13
80, கால்வே 2-15, லிமெரிக் 3-9
94, ஆஃபலி 3-16, லிமெரிக் 2-13
96, வெக்ஸ்ஃபோர்ட் 1-13, லிமெரிக் 0-14
07, கில்கென்னி 2-19, லிமெரிக் 1-15

73-இல் அவர் நேரில் இருந்திருக்கிறார். கொட்டுகிற மழையில் எண்பது நிமிஷம், அப்போது அகில அயர்லாந்து இறுதி ஆட்டம் எண்பது நிமிஷமாம். அதற்கப்புறம் ஐந்து இறுதி, ஐந்தும் தோல்வி. 94 வரியில் பென்சில் மற்றதைவிட அழுந்தியிருந்தது. ஐந்து நிமிஷம் பாக்கி இருக்கையில் லிமெரிக் ஐந்து பாயிண்ட் முன்னிலை, முடிகையில் ஆறு பாயிண்ட் தோல்வி. அந்தச் சில நிமிஷத்தில் ஆஃபலி 2-5 அடித்திருக்கிறது. “வண்டி நிறுத்தத்தில் கூட்டம் வருவதற்குள் கிளம்பிவிடலாம் என்று என் தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே போனான்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

ஜூலை 7, சனி

கார்லோவில் 5-22, 0-13. எழுத ஒன்றுமில்லை. தோட்டத்துக்குக் குழாய் பிடிக்கக் கூடாது என்று நாடு முழுக்கத் தடை வந்துவிட்டது, அயர்லாந்தில்! புல்வெளியெல்லாம் சாக்கு நிறம்.

ஜூலை 15, ஞாயிறு

இன்றைக்கு மாஸ்கோவில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி. எங்கள் தெருவில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

தர்லெஸில் கில்கென்னியோடு காலிறுதி. கில்கென்னி என்றால் பயிற்சியாளர் பிரையன் கோடி, அலமாரி நிறையக் கோப்பைகள். கடைசிக் கட்டத்தில் ரிச்சி ஹோகன் கோல் போட்டு கில்கென்னியை முன்னால் கொண்டுபோனபோது, சரி, இதுதான் அந்த இடம், இங்கேதான் இவர்கள் உடைவார்கள் என்று நானே நினைத்தேன் (இரண்டு மாசத்தில் நானும் லிமெரிக்காரி ஆகிவிட்டேன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்). உடையவில்லை. ஒரு பாயிண்ட், இன்னொரு பாயிண்ட், பிறகு டாம் மோரிசி ஒன்று. 0-27, 1-22. கோலே போடாமல் ஜெயித்திருக்கிறார்கள்.

சாம்பியன்ஷிப்பில் லிமெரிக் கில்கென்னியை அடித்தது 1973-க்கு அப்புறம் இப்போதுதானாம். பெரியவர் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜூலை 29, ஞாயிறு

எனக்கு டியூட்டி. வார்டில் டிவி ஓடுகிறது, டப்ளின் க்ரோக் பார்க் மைதானத்தில் கார்க்கோடு அரையிறுதி. நேற்று நடந்த இன்னொரு அரையிறுதி, கால்வே – கிளேர், கூடுதல் நேரம் ஆடியும் 1-30, 1-30 என்று சமன். இன்றைக்கும் அதே கதை ஆகும் என்று யார் கண்டார்கள்.

கார்க் ஆறு பாயிண்ட் முன்னால் போனதும் ஜன்னலோரப் படுக்கைத் தாத்தா போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார். லிமெரிக் ஒவ்வொன்றாக எடுத்துச் சமன் செய்தது, போர்வையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. காயத்துக்கான கூடுதல் நிமிஷங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஸ்கோர் சமம், கார்க்கின் ஷேமஸ் ஹார்னடி பந்தோடு கோலுக்கு முன்னால் வந்துவிட்டார். மட்டையை ஓங்கிவிட்டார். கோல்கீப்பர் நிக்கி குவேட் பாய்ந்து, தன் மட்டை நுனியால் அந்தப் பந்தை, மட்டை மேலே படுவதற்கு முன்னால், ஒரு தட்டு. அவ்வளவுதான். ஈ ஓட்டுகிற மாதிரி ஒரு தட்டு. ஹார்னடியின் மட்டை வெறும் காற்றை வெட்டியது.

நான் கையில் பிபி பட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். “மகளே, அதை இப்போது என் கையில் கட்டாதே, என்னை நேரே மேல்மாடி ஐசியூவுக்கு அனுப்பிவிடுவார்கள்” என்றார் தாத்தா. சரி என்று விட்டுவிட்டேன். பிறகு அவர்தான் சொன்னார், நிக்கியின் அப்பா டாமி குவேடும் லிமெரிக் கோல்கீப்பர், 80 இறுதியில் தோற்ற அணியில் நின்றவர், 1998-இல் வேலையிடத்தில் நடந்த விபத்தில் இறந்துபோனார், அப்போது நிக்கி சின்னப் பையன்.

கூடுதல் நேரத்தில் பெஞ்சிலிருந்து வந்த ஷேன் டவ்லிங் பெனால்டியில் கோல், பாட் ரயன் இன்னொன்று. 3-32, 2-31. வார்டே கத்தியது. மேலிருந்து ஒருவர் வந்து சத்தம் குறைக்கச் சொன்னார், நியாயம்தான், அவர் கார்க்காரர் என்பது அப்புறம் தெரிந்தது.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

மறு ஆட்டத்தில் கால்வே 2-17, கிளேர் 1-19. ஒரே பாயிண்ட். ஆக, இறுதியில் எதிரே போன வருஷத்து சாம்பியன். 80-இல் 57 வருஷக் காத்திருப்பை லிமெரிக்கின் தலையில் முடித்துக்கொண்டதும் இதே கால்வேதான்.

ஆகஸ்ட் 15, புதன்

டிக்கெட் கிடையாது. கிளப்புகள் வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது, எங்கள் கிளப்புக்கு வந்தவற்றை ஒருவருக்கொருவர் எப்படிப் பங்குபோட்டார்கள் என்பதை எழுதினால் தெருவில் நடமாட முடியாது. பெரியவருக்கு ஒன்று வந்தது. பேத்திக்குக் கொடுத்துவிட்டார். தான் அங்கே இருந்தால் ராசியில்லை என்கிறார். 73-இல் இருந்தீர்களே என்றேன். “அப்போது எனக்கு அது தெரியாது” என்றார்.

இந்த ஆட்டக்காரர்களுக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை, அதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. பயிற்சியாளர் ஜான் கீலி பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். ஞாயிற்றுக்கிழமை எண்பதாயிரம் பேர் பார்க்க ஆடிவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 19, ஞாயிறு

பெரியவர் வீட்டுக் கூடத்தில் பார்த்தோம். நாங்கள் மூன்று பேர், அவர், அவருடைய மனைவி, ஒரு தட்டு நிறைய ஹாம் சாண்ட்விச், நான் கொண்டுபோன மெதுவடை.

இடைவேளையில் 1-10, 0-9. பரவாயில்லை. இரண்டாம் பாதியில் டாம் மோரிசி எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய் ஒரு கோல். கடைசியை நெருங்கும்போது டவ்லிங் இன்னொரு கோல், எட்டு பாயிண்ட் முன்னிலை. எட்டு! என் வீட்டுக்காரர் எழுந்து பெரியவர் கையைக் குலுக்கப் போனார். பெரியவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

கூடுதலாக எட்டு நிமிஷம் என்று பலகை காட்டினார்கள். பெரியவர் எழுந்தார், பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போய், வேலியைப் பார்த்து நின்றுவிட்டார். அவர் மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “94-க்கு அப்புறம் இப்படித்தான்” என்று வடையைக் கடித்தார்.

கால்வேயின் கானர் வீலன் கோல். அப்புறம் அவர்களுடைய ஜோ கேனிங் ஃப்ரீ (எதிரணியின் தவறுக்குக் கிடைக்கும் அடி) எடுக்க வந்து, அத்தனை பேர் கோல்கோட்டில் மட்டையோடு நிற்க, நடுவே வலைக்குள் செருகினார். ஒரு பாயிண்ட் வித்தியாசம். நான் பின்வாசலில் நின்று தோட்டத்துக்கு ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முதுகு மட்டும்தான் தெரிகிறது. எங்கள் மல்கஹி ஒன்று அடித்து இரண்டாக்கினார், சொன்னேன். கால்வே ஒன்று எடுத்தது, சொல்ல வாய் வரவில்லை, சொன்னேன். கடைசியாக இன்னொரு ஃப்ரீ, கேனிங்கின் சொந்தப் பாதிக்குள்ளிருந்து. அந்தத் தூரத்திலிருந்து அடிக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்று பையன் முனகினான். பந்து வானத்துக்குப் போனது. எட்டவில்லை. கோலுக்கு முன்னால் ஒரு குவியல், அதிலிருந்து எங்கள் டாம் காண்டன் பந்தோடு வெளியே வந்தார், விசில்.

லிமெரிக் 3-16, கால்வே 2-18.

நான் கத்தினேன். பெரியவர் திரும்பவில்லை. “நிஜமாகவே விசிலா?” என்றார். நிஜமாகவே விசில் என்றேன். “ரெஃபரியின் விசிலா, கூட்டத்தில் எவனாவது ஊதினானா?” என்றார்.

கேப்டன் டெக்லன் ஹானன் கோப்பையைத் தூக்கினார். அப்புறம் மைதானத்தில் ஜனவரியில் இறந்துபோன பாடகி டொலோரஸ் ஓ’ரியார்டனின் குரல் ஒலித்தது. லிமெரிக்காரி. அதுவரை தெம்பாக இருந்த பெரியவரின் மனைவி அப்போதுதான் அழ ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் 20, திங்கள்

அணி ரயிலில் வந்து இறங்கி, பஸ்ஸில் ஏறி, ஊரைச் சுற்றி கேலிக் கிரவுண்ட்ஸ் மைதானத்துக்குப் போனது. ஓ’கானல் தெருவில் நிற்க இடமில்லை. பையனைத் தோளில் தூக்கி வைத்து வீட்டுக்காரருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. இருபது வயது கைல் ஹேஸ், நேற்று ஆட்ட நாயகன், கிட்டத்தில் பார்த்தால் இன்னும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருக்கிறார்.

திரும்பி வந்து ஷெட்டுக்குப் போனோம். பெரியவர் ஒரு பென்சிலைச் சீவி, 07-க்குக் கீழே எழுதினார். 18, லிமெரிக் 3-16, கால்வே 2-18. பையன் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தவன் 94 வரியில் விரலை வைத்து, “ஆஃபலியும் 3-16” என்றான்.

பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையனிடம் கையை நீட்டி, “உன் மட்டையைக் கொடு, அந்தப் பட்டை மறுபடி ஆடுகிறது பார்” என்றார்.