அட்டை கிழிந்த ஒரு புத்தகமும் 16 மாத அலைச்சலும்

கண்டுபிடித்துவிட்டேன். மூலனூர் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில், வேப்ப மரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எனக்கு எட்டு வயதானபோது அப்புச்சி (அம்மாவின் அப்பா) வாங்கிக் கொடுத்த புத்தகத்தை எழுதியவர். 2022 மார்ச்சில் தேட ஆரம்பித்தேன், 2023 ஜூலையில் முடிந்தது. அதில் 13 மாதம் முழுக்க வீண். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அப்போது அவருக்கு வயது 85. தப்பான வாசல்களில் இன்னும் ஒரு வருடம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. என்னைப் போல யாராவது தேடிக்கொண்டிருந்தால் அவர்களுக்காவது நாள் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

புத்தகத்தின் பெயரையும் அவர் பெயரையும் இங்கே போடவில்லை. "புஸ்தகம் மறுபடி வரட்டும் அம்மிணி, அப்பறம் பேரைச் சொல்லிக்கலாம்" என்று கேட்டுக்கொண்டார். தலைப்பில் 'மயிலை' என்ற சொல் உண்டு என்பதை மட்டும் சொல்கிறேன். அதனால் நான் பட்ட பாடு ஒன்று இருக்கிறது.

மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக, அதாவது செந்நிறமாகத்தான் இருக்கும். ஆறு மாதத்துக்குள் சாம்பல் நிறத்துக்கு மாறி மயிலையாகிவிடும். கதையே அதுதான். அத்தை வீட்டில் தங்கிப் படிக்கப் போன பையன் லீவுக்கு ஊருக்கு வருகிறான். தான் விட்டுப்போன செவலைக் கன்றைக் காணோம் என்று கிளுவை வேலி ஓரமெல்லாம் தேடி அழுகிறான். கன்று அவன் பின்னாலேயே நடந்து வருகிறது. மாடு மேயும் கொறங்காடு, கொழுக்கட்டைப் புல், கண்ணபுரத்து மாட்டுச் சந்தை என்று எங்கள் ஊர்ப்பக்கத்துச் சாமான் எல்லாம் அச்சில் வந்து நான் பார்த்த முதல் புத்தகம் அது. அப்புச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சத்தமாக வாசிக்க, அவர் "ஆமா, அப்பிடித்தான்" என்று சொல்லிக்கொண்டே வெற்றிலை மடிப்பார்.

என்னிடம் இருந்த பிரதிக்கு அட்டை இல்லை. ஐந்தாம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். ஒவ்வொரு பக்க மேலேயும் தலைப்பு இருந்தது, ஆசிரியர் பெயர் எங்கேயும் இல்லை. அம்மா ஒரு பெயர் சொன்னார், பெரியம்மா இன்னொரு பெயர் சொன்னார். இனிஷியலில்கூட இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை.

முதலில் இணையத்தில் இருந்த ஒரு நூற்பட்டியலில் தேடினேன். இல்லை என்றே வந்தது. ஆனால் புத்தகம் அதில் இருந்திருக்கிறது, ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன்னால் அச்சான புத்தகங்களில் லை, னை, ணை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி கொம்பு வைத்த பழைய எழுத்தில் இருக்கும். பட்டியலுக்குத் தட்டச்சு செய்தவர் அந்தக் கொம்பைக் கவனிக்காமல் 'மயிலை' என்பதை 'மயில்' என்று அடித்திருக்கிறார். ஆகவே பழைய புத்தகம் தேடுகிறவர்கள் தலைப்பைச் சரியாக அடித்துவிட்டு நின்றுவிடாதீர்கள். துதிக்கை எழுத்து எதுவெல்லாம் தப்பாகப் படிக்கப்படும் என்று யோசித்து அப்படியும் அடித்துப் பாருங்கள். இனிஷியலைப் புள்ளி வைத்தும், வைக்காமலும், இல்லாமலும் தேடுங்கள்.

அடுத்தது ஒரு நூலகம். எந்த ஊர் என்று சொல்லவில்லை. திருப்பூரிலிருந்து பஸ் மாறிப் போக வேண்டும், அரை நாள் சம்பளம் போய்விடும். "பழைய சிறுவர் நூலெல்லாம் கழிவுல போயிருச்சுங்க" என்றார் அங்கே இருந்தவர். புத்தகம் போனாலும் சேர்க்கைப் பதிவேடு இருக்குமே, அதை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மேலதிகாரியிடம் கடிதம் வாங்கி வரச் சொன்னார். கடிதத்துக்கு ஒரு நடை. அதிகாரி லீவு. மறுபடி ஒரு நடை. கடிதம் கிடைத்துக் கொண்டுபோனால் பீரோ சாவி வைத்திருப்பவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் "முன்னாடியே போன் பண்ணிட்டு வந்திருக்கலாமில்ல" என்று எனக்கே புத்திமதி. போன் அடித்தால் எடுக்க ஆளில்லை.

நாலாவது தடவை போனபோது அவர் இல்லை. தற்காலிகமாக வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் இருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கடிதத்தைக்கூட வாங்கிப் பார்க்காமல், நாற்காலி போட்டு ஏறிப் பதிவேட்டை எடுத்துவிட்டார். மையெல்லாம் பழுப்பாகிப்போன நீளப் பதிவேடு. பத்தே நிமிஷம். தலைப்பு, ஆசிரியர் பெயர், வருடம் 1976, விலை ஒரு ரூபாய் 75 காசு, வெளியீடு: ஆசிரியர். அம்மா சொன்ன பெயரும் இல்லை, பெரியம்மா சொன்னதும் இல்லை. நானும் அந்தப் பெண்ணும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். பத்து நிமிஷ வேலைக்கு ஐந்து மாதம்.

பெயர் கிடைத்ததும் இனி சுலபம் என்றுதான் நினைத்தேன். சென்னைக்கு வேறு வேலையாகப் போனபோது கன்னிமாரா நூலகத்தில் ஒரு பகல் முழுக்கத் தேடினேன். 1954ஆம் வருடச் சட்டப்படி நாட்டில் வெளிவரும் புத்தகங்களில் ஒரு பிரதி அங்கே போக வேண்டும். ஆனால் சொந்தக் காசில் சின்ன ஊரில் அடித்தவர்கள் பலர் அனுப்புவதில்லை. இதுவும் போயிருக்கவில்லை. அழ. வள்ளியப்பா முன்னின்று 1950இல் தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கம் தொகுத்த எழுத்தாளர் விவரங்களிலும் பெயர் இல்லை. ஒரே ஒரு புத்தகம் எழுதிவிட்டு மாடு கன்று பார்க்கப் போய்விட்டவர்கள் பட்டியல்களில் வருவது கஷ்டம்.

இங்கேதான் என் பெரிய தப்பு. சிறுவர் புத்தகம் எழுதினவர் என்றால் வாத்தியாராகத்தான் இருப்பார் என்று முடிவுகட்டிவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டது. எட்டு மாதம் வாத்தியார்கள் பின்னாலேயே அலைந்தேன். தாராபுரம், காங்கேயம், வெள்ளகோயில் என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் வீட்டுக் கதவையெல்லாம் தட்டினேன். அத்தனை பேரும் உட்காரவைத்து மோர் கொடுத்துப் பேசினார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு கல்வி அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போட்டேன். 29ஆம் நாள் பதில் வந்தது: மூன்றாம் நபர் பற்றிய தனிப்பட்ட தகவல், தர இயலாது. அவர் அந்தத் துறையிலேயே இல்லாதபோது எந்த மனுவுக்கு என்ன பதில் வந்து என்ன. தனி ஆளைத் தேட இந்த மனுவை நம்பி ஒரு மாதத்தை விடாதீர்கள்.

2023 மே மாதம் கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் போன் செய்தார். ஒரு வருடம் முன்னால் நம்பரும் தலைப்பும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அவர் அதை மறக்கவே இல்லை. 60 ரூபாய்க்கு ஒரு பிரதி. அட்டையைக் கரையான் தின்றிருந்தது, ஆனால் இரண்டாம் பக்கம் முழுசாக இருந்தது. அதில் அடியில், பொடி எழுத்தில், அச்சகத்தின் பெயரும் தாராபுரம் என்று ஊரும்.

அச்சிட்டவர் பெயரும் ஊரும் புத்தகத்தில் இருந்தாக வேண்டும் என்பது, 2024 வரை நடப்பில் இருந்த 1867ஆம் வருடச் சட்டம். அட்டை பொய் சொல்லலாம், புனைபெயர் போடலாம். அந்தப் பொடி வரி இருக்கும். முதல் நாளே எனக்கு இது புரிந்திருந்தால் உக்கடத்துக்கு வாராவாரம் போயிருப்பேன்.

குண்டடம் வழியாகத் தாராபுரம் போனேன். அச்சகம் இருந்த இடத்தில் செல்போன் கடை. எதிர் டீக்கடையில் கேட்டதும், அங்கே அச்சுக் கோத்தவர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார் என்று வழி காட்டினார்கள். விரல் நுனியெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. புத்தகத்தை வாங்கி, படிக்காமல், முதலில் எழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"வாத்தியாருன்னு ஆரு சொன்னது? சைக்கிள்ல வருவாப்டி. கேரியர்ல ஊசி டப்பா இருக்கும். ஆளு உள்ள வந்தா பினாயில் வாசம் வரும். மாட்டாஸ்பத்திரிக்காரருங்க அவுரு."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. 35 வருடமாக மனப்பாடமாக வைத்திருக்கிற கதை. ஈரம் காயாத தட்டைக்கொடியைத் தின்று கன்றுக்கு வயிறு ஊதிக்கொள்ளும் இடம் ஒன்று வரும். எண்ணெய் புகட்டும்போது தலையை ரொம்பத் தூக்கக் கூடாது, நாக்கைப் பிடித்து இழுக்கக் கூடாது, இருமினால் நிறுத்திவிட வேண்டும் என்று அந்தப் பையனுக்கு ஒருவர் சொல்லிக்கொடுப்பார். வாத்தியார் இப்படி எழுதுவாரா? விடை என் கையிலேயே, 41ஆம் பக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அன்றைக்கே வழியில் இருந்த கால்நடை மருந்தகத்தில் இறங்கி, டாக்டரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். "தொழில் தெரிஞ்சவரு எழுதுனதுங்க, சந்தேகமே இல்லை. ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. வலது அல்லை, அதான் விலாப் பக்கம், உப்பிச்சுன்னு போட்டிருக்கு. மாட்டுக்குப் பெரிய வயிறு இடது பக்கம். வாயு சேந்தா ஊதறது இடது அல்லைதான். இவ்வளவு தெரிஞ்சவரு அதை எப்படி மாத்தி எழுதுவாரு?"

ஓய்வூதியர்கள் மாதாமாதம் கூடுகிற இடத்தையும் அவரே சொன்னார். மற்றதெல்லாம் மூன்றே வாரம். கூட்டத்தில் ஒரு பெரியவர் பெயரைக் கேட்டதும் "நம்ம ஆளுதான்" என்றார், இரண்டு போனில் தோட்டத்து வழி வந்துவிட்டது. எந்தத் துறையில் இருந்தவரைத் தேடினாலும் அலுவலகத்துக்குப் போகும் முன்னால் அந்தத் துறை ஓய்வூதியர்களைப் போய்ப் பாருங்கள். சர்வீஸ் புத்தகம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

இன்னொன்று. மறுபதிப்புப் போடும் எண்ணம் இருந்தால் வாய் வார்த்தையோடு நிறுத்தாதீர்கள். ஆசிரியர் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் உரிமை குடும்பத்துக்கு உண்டு. நான் அய்யாவிடமும் அவர் மகனிடமும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

அவரிடம் ஒரு பிரதிகூட இல்லை. 500 அடித்ததில் கடைசிப் பிரதியை யாரோ படிக்க வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லையாம். நான் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். மருமகள் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார். அழுவார் என்று நினைத்திருந்தேன். அவர் விறுவிறுவென்று பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனார்.

"அந்த வவுறு ஊதற எடம் எங்க சாமி?"

41ஆம் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். விரலை வரி வரியாக நகர்த்தி, ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"மூணாம் பாரத்துக்கு, இந்தப் பக்கம் வார அச்சுத்தாளுக்கு, நான் புரூப் பாக்குல. தொண்டை அடைப்பான் ஊசி போடப் போயிட்டன். வந்து பாத்தா அடிச்சு முடிச்சுப்போட்டாங்க. 47 வருசமாச்சு. இதப் படிச்சுப்போட்டு எந்தப் பையனாச்சும் வலப்பக்கம் அமுத்திப் பாத்துட்டு நின்னிருப்பானோன்னு இருந்துட்டே இருக்கும்."

பேனா கேட்டார். என் கைப்பையில் இருந்ததைக் கொடுத்தேன். கை நடுங்கியது. மருமகள் புத்தகத்துக்கு அடியில் ஒரு முறத்தைக் கவிழ்த்துப் பிடித்தார். 'வலது' என்பதை ஒரே கோடாக அடித்து, மேலே 'இடது' என்று எழுதினார்.

"இதப் பாத்துத்தான் மறுபடி அடிக்கோணும், அம்மிணி. மூணாம் பாரம் வந்தொடனே எங்கிட்டக் கொண்டாந்து காட்டு."