கல் கொத்தியவரின் பெயரில் ஒரு பாலம்

நாங்கள் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்துக்கு வந்தது ஒரு ஜனவரியில். ஈரி ஏரிப் பக்கமிருந்து வந்த பனி மூன்று நாள் விடாமல் கொட்டியது. கணவருக்கு வேலை இருந்தது. என் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. ஊரில் பத்து வருடம் கணக்கு ஆசிரியையாக இருந்தவள், பகல் முழுவதும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் தலைகாட்டியதும் வெஸ்ட் சைடு மார்க்கெட்டுக்கு நடந்தே போய்க் காய்கறி வாங்கத் தொடங்கினேன். நகர மையத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அங்கே போகக் கயஹோகா ஆற்றைக் கடக்க வேண்டும்.

பாலத்தின் இரு முனைகளிலும் இரண்டிரண்டாக நான்கு கல் தூண்கள். ஒவ்வொன்றிலும் முன்னும் பின்னுமாக இரண்டு உருவங்கள், ஒவ்வொன்றும் 43 அடி உயரம். கோயில் வாசலில் நிற்கும் துவாரபாலகர்கள்தான் முதலில் நினைவுக்கு வந்தார்கள். ஆனால் இவர்கள் கையில் கதாயுதம் இல்லை. ஒருவர் வைக்கோல் வண்டியை ஏந்தியிருக்கிறார், இன்னொருவர் குதிரை வண்டியை, வேறொருவர் 1930களின் காரை. 'போக்குவரத்தின் காவலர்கள்' என்று பெயர். இந்த ஊர் பேஸ்பால் அணிகூட இப்போது இவர்கள் பெயரில்தான் ஆடுகிறது.

ஹோப் நினைவுப் பாலம் என்ற பலகையைப் பார்த்து, நம்பிக்கையின் நினைவாகக் கட்டியது என்றே பல வாரங்கள் எண்ணியிருந்தேன். அந்த நாட்களில் அந்தப் பெயர் எனக்கு வேண்டியும் இருந்தது. ஒருநாள் பக்கத்து வீட்டு மூதாட்டிதான் திருத்தினார். அது ஒரு குடும்பத்தின் பெயர். அமெரிக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் குடும்பம். அவருடைய அப்பா கல் கொத்துபவர், அந்தச் சிலைகளில் வேலை செய்தவர். 1932இல் திறந்த பாலத்துக்கு 1983இல் இந்தப் பெயரை வைத்தார்கள்.

என் அப்பா மதுராந்தகத்தில் கொத்தனார். அன்றே நூலகத்துக்குப் போனேன்.

ஹாரி ஹோப் இங்கிலாந்துக்காரர். வேலை கிடைக்கும் இடமெல்லாம் குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போனவர். ஐந்தாவது மகன் லெஸ்லி, பின்னாளில் பாப் ஹோப் ஆனவன், 1903இல் லண்டனின் எல்தமில் பிறந்தான். கல் கட்டட வேலை குறைந்துகொண்டே வந்ததால், அண்ணன் தம்பிகள் முன்பே குடியேறியிருந்த கிளீவ்லாந்துக்கு ஹாரி முதலில் வந்தார். மனைவி ஏவிஸ் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு 1908 மார்ச்சில் கப்பலில் வந்து நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் இறங்கினார். யூக்ளிட் அவென்யூவில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய தேவாலயத்தில் ஹாரிக்குக் கல் வேலை கிடைத்தது. இந்த ஊர்க் குளிரில் வருடம் முழுவதும் கல் கொத்த முடியாது. வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நிமிர்த்தியவர் ஏவிஸ்தான். ஏழு பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, வாடகைக்கு இருந்தவர்களுக்கும் சமைத்துப் போட்ட அந்தப் பெண்ணைப் பற்றித் தனியாக யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

பையன் பாடினான், ஆடினான், ஓட்டப்பந்தயத்தில் ஓடினான், கொஞ்ச காலம் குத்துச்சண்டையும் போட்டான். சார்லி சாப்ளினைப் போல நடிக்கும் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறான். அம்மா அவனை வாடெவில் பார்க்க அழைத்துப் போவார். ஒரே டிக்கெட்டில் பாட்டு, நடனம், கழைக்கூத்து, பழக்கிய நாய்கள், நகைச்சுவை என்று அடுத்தடுத்து வரும் மேடைக் கதம்பம் அது. ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள்தான். அதற்குள் சிரிக்க வைக்காவிட்டால் அடுத்த ஊரில் இடமில்லை. மேடையில் நின்ற பெயர்பெற்ற நகைச்சுவையாளரைக் காட்டி, நீ இவரைவிட நன்றாகச் செய்வாய் என்று அம்மா சொன்னதை ஹோப் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் முதலில் நடனக்காரராகத்தான் ஊர் ஊராகப் போனார். திருப்பம் வந்தது பென்சில்வேனியாவில் நியூ காசில் என்ற சிற்றூரில். அடுத்து வரவிருக்கும் நிகழ்ச்சியை மேடையில் அறிவிக்கச் சொன்னார்கள். வரப்போகிறவர் ஸ்காட்லாந்துக்காரர், ஸ்காட்லாந்துக்காரர்கள் சிக்கனத்துக்குப் பேர்போனவர்கள். மணமக்கள் மேல் தூவும் அரிசி வீணாகாமல் கோழிகள் தின்னட்டும் என்று கொல்லைப்புறத்தில் கல்யாணம் வைத்துக்கொண்டார் என்று ஹோப் சொன்னார். கூட்டம் சிரித்தது. அட்சதை தெரிந்த எனக்கு இந்த நாட்டில் விளக்கம் கேட்காமல் புரிந்த முதல் நகைச்சுவை அது. நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

அந்தச் சிரிப்பை நம்பி அவர் தனியாளாக நின்றார். சிகாகோவில் வாய்ப்பில்லாமல், காபியும் டோனட்டுமாக, கடனில் நாட்கள் போயின. ஒரு நண்பர் அங்கே ஒரு அரங்கில் இடம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் கால் ஊன்றினார். லெஸ்லி என்ற பெயரும் பாப் ஆனது. 1930இல் ஹாலிவுட்டில் எடுத்துப் பார்த்த முதல் தேர்வுக் காட்சியில் அவரை வேண்டாம் என்றுவிட்டார்கள். பேசும் படம் வந்து வாடெவில் அரங்குகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்த காலம். 1933இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் 'ராபர்ட்டா' இசை நாடகம் அவரை மேலே தூக்கியது. 1938இல் பாரமவுண்ட் படமான 'தி பிக் பிராட்காஸ்ட் ஆஃப் 1938'. பிறகு பாடகர் பிங் கிராஸ்பியுடன் நடித்த பயணப் படங்கள், வானொலி, போர்முனை நிகழ்ச்சிகள், தொகுப்பாளராக 19 முறை ஆஸ்கர் மேடை. 2003இல் நூறு வயதில் காலமானார். அந்தப் புகழை எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 1938 படத்தில் ஒரே ஒரு பாட்டைத்தான். பிரிந்துபோன கணவனும் மனைவியும் கப்பலில் சந்தித்து, வாழ்ந்த நாட்களுக்கு நன்றி சொல்லிக்கொள்கிறார்கள். வேகமாகப் பேசியே கூட்டத்தைப் பிடித்தவர் அங்கே குரலைத் தாழ்த்தி, சொல்லாததை எல்லாம் கண்ணில் வைத்துப் பாடுகிறார். அந்தப் பாட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. கடைசிவரை அவருடைய அடையாளப் பாட்டும் அதுதான். அந்தப் படம் வெளிவந்தபோது ஏவிஸும் இல்லை, ஹாரியும் இல்லை. இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை. ஊருக்குப் போன் போட்டு, அடுத்த வருடம் தள்ளிவைத்திருந்த பயணத்தை இந்த வருடமே வைத்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் சொன்னேன்.

அக்டோபரில் வந்தார். மறுநாளே சந்தைக்குப் போகும் வழியில் பாலத்துக்குக் கூட்டிப்போனேன். தூணின் அடிக்கல்லில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"மணற்கல்தானே அம்மா?"

"ஆமாம் அப்பா. பக்கத்தில் பெரியா என்ற ஊர்க் கல்."

"நம் கருங்கல் போல உளியை எதிர்க்காது. ஆனால் இந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. வேலை செய்தவர்கள் பாவம்." அண்ணாந்து பார்த்தார். "நிழல் விழுகிற மடிப்பில் எவ்வளவு ஆழம் எடுத்திருக்கிறான் பார். கீழே நிற்கிறவனுக்குத் தெரிய வேண்டும் என்று எடுத்த ஆழம்."

அந்த நடிகரின் அப்பா கொத்தியது இதில் எது என்று கேட்டார். பலர் சேர்ந்து செய்த வேலை, இன்னது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சாலையைக் கடந்து எதிர்த் தூணுக்குப் போனார். பாலத்தின் முழு நீளமும் நடந்து மற்ற இரண்டுக்கும் போனார். எட்டு உருவங்களின் காலடியிலும் கை வைத்துவிட்டுத்தான் திரும்பினார். அதற்குள் சந்தை மூடியிருந்தது.