வளையல் சத்தம்

ஆபரேஷன் தியேட்டரில் எனக்குப் பழகிப்போன சத்தங்கள் சில உண்டு. மானிட்டரின் பீப், சக்‌ஷன் உறிஞ்சுவது, பழைய ஏசியின் உறுமல். அந்த வியாழக்கிழமை காலையில் இவற்றையெல்லாம் மீறி ஒரு கண்ணாடி வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மேசையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் கை அப்படி நடுங்கியது. அங்கன்வாடியில் நடந்த சமுதாய வளைகாப்பில் போட்டுவிட்ட பச்சை, சிவப்பு வளையல்கள். கழற்ற மாட்டேன் என்று அழுததால், சிஸ்டர் முழங்கைப் பக்கம் தள்ளி மேலே காஸ் துணி சுற்றியிருந்தார். அப்படியும் சத்தம் அடங்கவில்லை.

நாடித்துடிப்பு 138. ரத்த அழுத்தம் 164. முந்தைய நாள் வார்டில் பார்த்தபோது அது 118தான். நான் பின்னால் நின்று, உடம்பின் கீழ்ப்பாதியை மரக்கச் செய்யும் ஸ்பைனல் ஊசிக்காக முதுகைப் பெட்டாடின் தொட்டுத் துடைத்தேன். அந்த ஈரம் பட்டதும் அவர் மேசையிலிருந்து இறங்கிவிட்டார்.

"எனக்கு வேண்டாமுங்க. நான் ஊட்டுக்குப் போறேன்."

முப்பத்தொன்பது வார வயிறு, கையில் சொட்டும் டிரிப், வெறுங்கால். கதவைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

கொங்குப் பகுதியில் ஓர் அரசு மருத்துவமனையில் மயக்க மருந்து மருத்துவனாகப் பதினான்கு வருடங்களாக இருக்கிறேன். சிசேரியன் எங்களுக்குத் தினசரி வேலை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நாடு முழுவதற்கும் அது 21.5. இந்த எண் இவ்வளவு இருக்க வேண்டுமா என்பது பெரிய சண்டை, அதை இன்னொரு நாள் போடலாம். இங்கே சொல்ல வந்தது வேறு. இத்தனை பேருக்கு ஊசி போட்டுப் போட்டு, நடுங்கும் முதுகு எனக்கு வெறும் தொழில் சிக்கலாக ஆகிவிட்டிருந்தது. முதுகு அசைந்தால் ஊசி சரியாக இறங்காது. அவ்வளவுதான் என் கவலை.

அந்தப் பெண் மேசையிலிருந்து இறங்கியதற்குக் காரணம் முந்தைய நாள் மாலை நான் செய்த காரியம். அறுவைக்கு முன் நோயாளியைப் பார்க்கப் போவது எங்கள் வழக்கம். கேஸ் ஷீட்டைப் புரட்டினேன், ஹீமோகுளோபின் பார்த்தேன், வாயைத் திறக்கச் சொன்னேன், முதுகைத் தடவிப் பார்த்தேன். "போன தடவை அறுக்கறப்ப வலிச்சுதுங்க சார்" என்றார். நான் எழுதிக்கொண்டே, "வலியா இருக்காதும்மா, இழுக்கிற மாதிரி இருக்கும். பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். மொத்தம் நாலு நிமிடம் இருந்தால் அதிகம்.

வலித்தது என்று சொன்னவரிடம், உனக்கு வலிக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அன்று ராத்திரி அவர் வார்டிலிருந்து இறங்கி மெயின் கேட் வரை போய், வாட்ச்மேன் பேசித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அது எனக்குக் காலையில்தான் தெரிந்தது.

மகப்பேறு மருத்துவர் மேடம் கோபப்பட்டார். நியாயம்தான், வெளியே இன்னும் நாலு கேஸ் காத்திருந்தது. வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் இரண்டு வழிகளைத்தான் பேசுவோம். ஒன்று, தூக்க மருந்து கொஞ்சம் கொடுப்பது. குழந்தை வெளியே வருவதற்கு முன் அதைப் பொதுவாகத் தவிர்ப்போம், தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகும் என்பதால். இன்னொன்று, முழு மயக்கம். கர்ப்பிணியின் இரைப்பையில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து கூடுதல், தொண்டைக்குழாய் போடுவதும் சிரமமாகலாம். தேவைப்பட்டால் செய்யத்தான் செய்வோம். ஆனால் என் அவசரத்துக்கு அது மருந்து ஆகாது.

ஓய்வுபெற எட்டு மாதமே இருந்த தியேட்டர் சிஸ்டர்தான் முடிவெடுத்தார். "டாக்டர், இந்தப் புள்ளைய கடைசி கேஸா வைங்க. மொதல்ல ஒரு வாய் தண்ணி குடுக்கலாம்." ராத்திரி பத்து மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். திட்டமிட்ட அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும்தான். அரை டம்ளர் குடித்தார், உதடு வெடித்திருந்தது.

மற்ற கேஸ்களைச் சக மருத்துவர் பார்த்துக்கொள்ள, நான் அவரோடு வெளி அறையில் மர பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில், "நீங்க பெத்திருக்கீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எப்படிங்க வலிக்காதுன்னு சொன்னீங்க?" பதில் இல்லை. "தப்புதாம்மா. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க" என்றேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் செக்‌ஷனில் வேலை செய்தவர். ஐந்து வருடத்துக்கு முன் வேறொரு இடத்தில் முதல் பிரசவம், அவசரமாகச் சிசேரியன். ஊசி போட்டு உடனே ஆரம்பித்திருக்கிறார்கள். கத்தி பட்டது தெரிந்திருக்கிறது. கத்தியபோது, "சும்மா இரும்மா, அதெல்லாம் உன் பிரமை" என்று சொன்னார்களாம். கைகளைக் கட்டியிருந்ததால் அசைய முடியவில்லை. "வலியக்கூட மறந்தர்லாமுங்க. நாஞ் சொல்றத ஒருத்தரும் நம்பலைங்களே" என்றார். அந்த வருடங்கள் முழுக்க ஸ்பிரிட் வாசனை வந்தாலே நெஞ்சு படபடக்குமாம், மகளுக்குத் தடுப்பூசி போட மாமியாரைத்தான் அனுப்புவாராம். கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பிக்மி எண் வாங்கி, மாதா மாதம் எடையும் அழுத்தமும் ரத்தமும் பார்த்து, அட்டை முழுக்க எழுதியிருக்கிறது. பயமாக இருக்கிறதா என்று ஒரு கட்டம் அந்த அட்டையில் இல்லை. முப்பது வாரத்திலேயே யாராவது கேட்டிருந்தால் மனநல மருத்துவரிடமும் அனுப்பியிருக்கலாம், என்னிடமும் முன்கூட்டியே அழைத்து வந்திருக்கலாம். மருத்துவமனையில் இரண்டு பேருமே இருக்கிறோம்.

பிறகு நான் சொன்னேன். ஆறுதல் சொல்லவில்லை, வரிசை சொன்னேன். முதலில் முதுகில் எறும்பு கடித்தது போல ஓர் ஊசி, அது மரக்கச் செய்ய. அப்புறம் மெல்லிய ஊசி, அது அழுத்தமாகத் தெரியும். கால் சூடாகும், பிறகு சாக்குப்பை கட்டிவிட்டது போலக் கனக்கும். குமட்டினால் உடனே சொல்ல வேண்டும், அழுத்தம் குறைகிறது என்று அர்த்தம், மருந்து கையிலேயே இருக்கிறது. மூச்சு விடுவது தெரியாதது போல இருக்கும். நெஞ்சு மரத்துப்போனதால் அப்படி. பேச்சு வருகிறது என்றால் மூச்சும் ஓடுகிறது. குழந்தையை எடுக்கும்போது, துணி மூட்டைக்குள் கையை விட்டு யாரோ துழாவுவது போல இருக்கும். அது வலியாக மாறினால் சொல்லுங்கள், மருந்து சேர்ப்பேன். அதற்கும் கேட்காவிட்டால் முழு மயக்கம் கொடுப்பேன்.

"ஊசி ஏறிருச்சான்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

இந்தக் கேள்விக்கு நான் ஒரு கதை சொன்னேன். 1898இல் ஜெர்மனியில் ஆகஸ்ட் பீர் என்ற மருத்துவர் இந்த முறையைத் தன் உடம்பிலேயே சோதிக்கப் பார்த்தார். சிரிஞ்ச் சரியாகப் பொருந்தாமல் மருந்து ஒழுகிவிட்டது. அதனால் உதவியாளரின் முதுகில் போட்டார். அப்புறம் மரத்துவிட்டதா என்று பார்க்க, அவர் முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் அடித்திருக்கிறார்.

"சுத்தியலாங்க?"

சுத்தியல்தான். சுருட்டாலும் சுட்டுப் பார்த்தார். அந்தச் சமயத்தில் அவருக்கு வலிக்கவில்லை, மறுநாள் இரண்டு பேருக்கும் தலைவலி. அப்போது ஊசி தடிமன், இப்போது மெலிசு, அதனால் அந்தத் தலைவலி இப்போது அரிது என்றேன். அவர் சிரித்தார். பெஞ்சுக்கு எதிரே உட்கார்ந்திருந்த மாமியார் முறைத்தார். அவருக்கு வேறு கவலை: வியாழக்கிழமை ஒன்றரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் பிள்ளை பிறந்தாக வேண்டும்.

சுத்தியல் வேண்டாம், ஸ்பிரிட் பஞ்சை வைத்துப் பார்ப்போம், குளிர் தெரிகிறதா இல்லையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், நீங்கள் சரி என்று சொல்லாமல் கத்தி எடுக்க மாட்டார்கள் என்றேன். ஸ்பிரிட் என்றதும் முகம் மாறியது. ஐஸ் கட்டி போதும் என்று மாற்றிக்கொண்டோம். நிறுத்துங்க என்றால் நிறுத்துவோம் என்றும் சொன்னேன். அவர் என்னை நம்பவில்லை, அது தெரிந்தது. மேடத்தைக் கூப்பிட்டு அவர் முன்னாலேயே சொன்னேன். மேடம் ஒரு நொடி யோசித்துவிட்டு, "சரிம்மா, நிறுத்தறேன். நீங்களும் சும்மா சும்மா சொல்லக் கூடாது" என்றார்.

எழும்போது இன்னொன்று கேட்டார். "எத்தனை தையல் போடுவீங்க?" கருப்பை, அதற்கு மேலே கெட்டியான வெள்ளை ஜவ்வு, அப்புறம் தோல், முக்கியமாக இந்த மூன்று அடுக்கு என்றேன். "நூல் எத்தனாம் நம்பருங்க?" எங்கள் நூல் நம்பரில் பூஜ்யம் கூடக் கூட நூல் மெலிசாகும் என்றேன். "எங்களுக்கும் நம்பர் ஏற ஏற மெலிசுதானுங்க" என்றார். அன்று முதல்முறையாக அவர் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுப்பவராகப் பேசினார்.

பதினொன்றே முக்காலுக்கு உள்ளே வந்தார். நாடி 112. பயம் போய்விடவில்லை, வளையல் இன்னும் சத்தம் போட்டது. சிஸ்டர் எதிரே நின்று தன் தோளில் அவர் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, "பூனை மாதிரி முதுகை வளை கண்ணு" என்றார். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டே செய்தேன். ஊசி ஒரே தடவையில் இறங்கியது. படுக்கவைத்து, கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தாமலிருக்க இடப்பக்கம் சாய்த்தோம்.

ஐஸ் கட்டியை வைத்தேன். தொடையில் தெரியவில்லை. வலப்பக்கம் மார்பு வரை தெரியவில்லை. இடது தொப்புள் பக்கம் வைத்ததும், "ஜில்லுன்னு இருக்குங்க" என்றார். என் கை அப்படியே நின்றது. பழைய நான் என்றால், இன்னும் ரெண்டு நிமிடத்தில் ஏறிவிடும் என்று மேடத்துக்குக் கண் காட்டியிருப்பேன். அநேகமாக அவருக்கு முதல் தடவையும் அப்படித்தான் நடந்திருக்கும். அப்படியே காத்திருந்தோம். ஐந்து நிமிடம். தியேட்டரில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற ஐந்து நிமிடம் மிக நீளமானது. மறுபடி வைத்தேன். "இல்லைங்க." இன்னும் மேலே. "இல்லைங்க." மேடம் இடுக்கியால் கிள்ளினார். "இப்ப கிள்ளினேன், தெரிஞ்சுதா?" தெரியவில்லை. "சரிங்க, ஆரம்பிங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் ஆரம்பித்தது.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குப் பையன் பிறந்தான். ராகு காலத்துக்கு நாற்பத்தொன்பது நிமிடம் மிச்சம்.

கருப்பையைத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. திடீரென்று, தெளிவான குரலில், "நிறுத்துங்க" என்றார். மேடத்தின் கை நின்றது. ரத்தம் கசிகிற நேரம். காஸ் துணியை வைத்து அழுத்திப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். சிரிஞ்சில் மருந்து எடுத்துக்கொண்டே குனிந்து, "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டேன்.

"வலிக்கலைங்க சார். நிறுத்துவீங்களான்னு பார்த்தேன்."

யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு மாஸ்க்குக்குப் பின்னால் மேடம் சிரித்ததாகத்தான் நினைக்கிறேன். "தைக்கலாமாம்மா?" என்று கேட்டார். தைக்கலாம் என்றார். மிச்ச நேரம் கண்ணை மூடியே இருந்தார். கை சும்மா இருந்தது.

இதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். வார்டில் ஒரே மாலையில் ஒன்பது பேரைப் பார்க்க வேண்டியிருந்தால் நாலு நிமிடம்தான் வாய்க்கிறது. ஆனால் ஒரு கேள்வியை விடுவதில்லை: "இதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில ஏதாவது கஷ்டமா நடந்திருக்கா?" பாதிப் பேர் இல்லை என்பார்கள். சிலர் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார்கள். அங்கே உட்கார்ந்துவிடுவேன். எல்லோருக்கும் வரிசை சொல்வதும் தப்பு என்று அப்புறம் புரிந்தது. ஓர் ஆசிரியை, "ஒண்ணும் சொல்லாதீங்க சார், எனக்கு முருகன் பாட்டு மட்டும் போடுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். போட்டோம். இங்கே அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவர் துணைக்கு இருக்கலாம், தியேட்டருக்குள் இல்லை. தலைமாட்டில் ஒரு முக்காலி போட்டு அம்மாவையோ அக்காவையோ உட்காரவைத்தால் என்ன கெட்டுவிடும் என்று இரண்டு முறை கூட்டத்தில் கேட்டேன். இடமில்லை என்றார்கள். இடம் இல்லைதான்.

கட்டுப் பிரித்த அன்று வார்டில் அவரைப் பார்க்கப் போனேன். கைக்கண்ணாடியை அடிவயிற்றுக்கு நேரே பிடித்து, தையலை ஓரத்திலிருந்து ஓரம்வரை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டார்.

"மேடம் தையல் செக்கிங்ல பாஸுங்க."

"என் ஊசி?"

"குத்துன எடத்துல இன்னும் வலிக்குதுங்க சார். அது ஆல்ட்ரேஷன்."