பிஎச்.டி.யா, களப்பணியா? சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்து போட்ட கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து பட்டம் முடித்து வரும் பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்த்துக் கொடுப்பவர்கள் நாங்கள். "அனைத்துலக மேம்பாட்டுத் துறைக்குப் போகணும், பிஎச்.டி. பண்ணட்டுமா?" என்று கேட்பவரிடம் முதலில், பிடித்த வேலைகளின் விளம்பரங்களில் பத்தை அச்செடுத்து, கல்வித் தகுதிக்கும் அனுபவ ஆண்டுக்கும் கோடிட்டு வரச் சொல்வோம். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஐ.நா. தலைமைச் செயலகத்தில் நிபுணர் பதவிகளுக்கு பி-2, பி-3, பி-4 என்று படிநிலைகள் உண்டு. பி-2 பதவிக்கு வழக்கமாகக் கேட்பது முதுகலையும் 2 ஆண்டு அனுபவமும். பி-3க்கு 5 ஆண்டு, பி-4க்கு 7. முதுகலை இல்லையென்றால் இளங்கலையோடு கூடுதலாக 2 ஆண்டு அனுபவம் காட்டலாம். திட்டப் பணிகளில் முனைவர் பட்டத்தைக் கட்டாயமாகக் கேட்பது அரிது. அது இல்லாமல் நகர முடியாத இடங்கள் வேறு: உலக வங்கியின் ஆய்வுப் பிரிவு, பினாங்கு பத்து மாவுங்கில் தலைமையகம் உள்ள வேர்ல்ட்ஃபிஷ் (மீன்வள ஆய்வு மையம்) போன்ற அமைப்புகளின் விஞ்ஞானிப் பதவிகள், பல்கலைக்கழகம். கோடிட்ட விளம்பரங்களில் இவை இல்லையென்றால் பிஎச்.டி. பற்றிய பேச்சை இரண்டு வருடம் தள்ளி வைக்கலாம்.

வயதையும் பாருங்கள். எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுத் தேர்வு) வழி வந்தவருக்குப் பட்டம் முடிய 23 ஆகிவிடும். அமெரிக்காவில் பிஎச்.டி. 5, 6 ஆண்டு இழுக்கும். இங்கிலாந்தில் 3, 4. ஐ.நா. இளம் நிபுணர் தேர்வுக்கு உச்ச வயது 32. எந்த நாட்டவர் எழுதலாம் என்ற பட்டியலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதில் மலேசியா இருக்கிறதா என்று பார்க்காமல் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். படித்த காலத்தை அனுபவமாக எண்ணிக்கொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பும் வேண்டாம்.

அனுபவம் என்றால் ஜெனிவாவுக்குப் போய்த்தான் தேட வேண்டும் என்பதில்லை. பிறப்புப் பத்திரமும் மைகாட்டும் (மலேசிய அடையாள அட்டை) இல்லாத தோட்டக் குடும்பங்களுக்கு டிரா மலேசியா போன்ற அரசு சாரா அமைப்புகள் விண்ணப்பம் தயாரிக்க உதவுகின்றன. ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 16.9 சொல்வது இதையேதான்: எல்லாருக்கும் சட்டபூர்வ அடையாளம். செம்பனைத் தோட்டத்தில் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளரின் கடப்பிதழை முதலாளி பிடித்து வைப்பது, அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்த 11 கட்டாய உழைப்பு அறிகுறிகளில் ஒன்று. இப்படிப்பட்ட புகார்களைப் பதிவு செய்தவர் விண்ணப்பத்தில் இந்த இலக்கும் அறிகுறிகளும் பயன்படுத்தும் அதே சொற்களில் எழுத வேண்டும். "சமூகச் சேவை செய்தேன்" என்று எழுதினால் தேர்வாளர் தாண்டிப் போய்விடுவார்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது பணிச் சான்றுக் கடிதத்தில்தான். பதவிப் பெயர், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எத்தனை பேரை மேற்பார்த்தீர்கள், எவ்வளவு ரிங்கிட் கையாண்டீர்கள் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். அரைநேர வேலையை ஐ.நா. பாதியாகத்தான் எண்ணும். பிரிட்டிஷ் அரசு முதுகலைக்குத் தரும் செவனிங் உபகாரச் சம்பளம் 2,800 மணி நேரம் கேட்கிறது, சம்பளமில்லா வேலையையும் ஏற்கும். மணிக்கணக்கு எழுதாத கடிதத்தால் இங்கே பயனில்லை. சிறு அமைப்புகள் மூடிப்போகும், தலைவர் மாறிவிடுவார். வேலையை விடும் வாரத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஆய்வில்தான் மனசு என்பவருக்கு நாங்கள் சொல்லும் வழி: சம்பளத்துக்கு இரண்டு ஆண்டு ஆய்வு உதவியாளராக இருங்கள். வீடு வீடாகக் கேள்வித்தாள் நிரப்புவது, ஸ்டேட்டா, ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருளில் தரவைச் சுத்தம் செய்வது எல்லாம் பழகும். வேலைக்கும் பிஎச்.டி. விண்ணப்பத்துக்கும் இது உதவும். பொருளாதாரத்தில் அமெரிக்க பிஎச்.டி. என்றால் கணிதம்தான் வாசலில் நிற்கும். நேரியல் இயற்கணிதமும் மெய்ப் பகுப்பாய்வும் படிக்காதவரைக் கட்டுரை எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுவார்கள். இங்கிலாந்துக்கு ஆய்வுத் திட்டத்தை முதலிலேயே எழுதி, மேற்பார்வையாளர் ஒருவரின் சம்மதத்தையும் வாங்கிக்கொள்வது நல்லது.

பணத்துக்கு வந்தால், கல்விக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் இல்லாத பிஎச்.டி. இடத்தை ஏற்காதீர்கள். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. சில உபகாரச் சம்பளங்களுக்கு ஒப்பந்தமும் ஜாமீன்தாரரும் தேவை. நிலையான வருமானமுள்ள ஆளைத் தோட்டக் குடும்பம் தேடிப் பிடிக்க மாதங்கள் ஆகலாம் என்பதால் விண்ணப்பிக்கும் முன்பே மாமா, சித்தப்பாவிடம் பேசி வையுங்கள். பி.டி.பி.டி.என். (அரசுக் கல்விக் கடன்) தவணையை ஒத்திவைக்கப் புறப்படும் முன்பே எழுதிக் கேளுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் 2 ஆண்டுதான் செல்லும். அதனால் அந்தத் தேர்வைக் கடைசியில் எழுதினால் போதும்.